பரணிலிருந்து இறங்கிய பொம்மைகள்: துடைக்கலாமா, பெயின்ட் அடிக்கலாமா, அப்படியே விடலாமா?

பரண்பெட்டி எழுதியது:

வணக்கம். ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய விளையாட்டுச் சாமான்கள் கைக்கு வந்திருக்கின்றன. சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார் ஒன்று (சாவி இருக்கிறது, இன்னும் சுற்றவில்லை). மெழுகுவத்தி ஏற்றினால் டபடபவென்று ஓடுமே, அந்தத் தகரப் படகு ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் வார்ப்பு உலோகக் கார்கள் ஒன்பது. பேட்டரியில் நடக்கும் ரோபோ. கைகால் பிசுபிசுக்கும் பிளாஸ்டிக் பொம்மை. காற்றைப் போல எடையே இல்லாத இன்னொரு பொம்மை. பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாசனை அதிலிருந்துதான் வருகிறது. கடைசியாக, தையல் விட்ட கரடி.

இவற்றை வைத்து விளையாடியவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்கள் கையில் கொடுக்கும்போது "அட, இதேதான்!" என்று முகம் மலர வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் பளபளவென்று புதுசாக்கிக் கொடுப்பதா, இல்லை இப்படியே கொடுப்பதா? வழி சொல்லுங்கள்.


சாவிச்சத்தம் எழுதியது:

பெயின்ட் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். இன்றைக்கே செய்ய வேண்டிய காரியம் மூன்று இருக்கிறது.

கற்பூரம் மணக்கும் பொம்மை செல்லுலாய்டு. அதை உடனே அந்தப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸில் கற்பூரம் கலந்து செய்த பொருள் அது. வயதாக ஆக அதிலிருந்து நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்கள் கசியும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். பக்கத்தில் இருக்கிற தகரம் துருப்பிடிக்கும், துணி இற்றுப்போகும், அந்தப் பொம்மையும் தன் அமிலத்திலேயே மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டுப் பொடியும். மூடிய டப்பாவிலோ பிளாஸ்டிக் பையிலோ போடாதீர்கள். வாயு உள்ளேயே தங்கினால் சிதைவு இன்னும் வேகமாகும். காற்றோட்டமுள்ள, வெயில் படாத, குளிர்ச்சியான அலமாரியில் தனியாக வையுங்கள். நெருப்பு, விளக்கு, சூடான பல்பு எதுவும் அருகில் வேண்டாம். செல்லுலாய்டா என்று அறிய, காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், குப்பென்று பற்றிக்கொள்ளும். கற்பூர வாசனையே போதுமான சாட்சி.

இரண்டாவது, ரோபோவின் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பழைய பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள். பொடி ஏதாவது படிந்திருந்தால் கையால் தொடாமல் என்ன நிறம், எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள்.

மூன்றாவது, காரின் சாவியை "ஓடுதா பார்ப்போம்" என்று முழுக்கச் சுற்றிவிட வேண்டாம். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு என் கருத்து இது. பழைய பொம்மையில் சேதம் இரண்டு வகை. ஒன்று, நின்றுபோன சேதம்: தரையில் உரசி உதிர்ந்த பெயின்ட், கடித்த பல் தடம், நசுங்கிய மூலை. அது விளையாட்டின் தழும்பு. இனி வளரப் போவதில்லை. இன்னொன்று நடந்துகொண்டே இருக்கும் சேதம்: துரு, பேட்டரி கசிவு, அமிலம், பூச்சி. இரண்டாவதை நிறுத்துங்கள், முதலாவதை விட்டுவிடுங்கள். எழுபது வயதுக்காரரின் விரல் தேடுவது அந்தத் தழும்பைத்தான்.


வண்ணக்குப்பி எழுதியது:

சாவிச்சத்தம் அண்ணன் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் "பெயின்ட் அடிக்கவே கூடாது" என்று ஒரே கோடாகப் போட முடியாது. வார்ப்புக் காரில் பெயின்ட் முழுக்கப் போய் வெறும் சாம்பல் உலோகம்தான் மிச்சம் என்றால் அதில் பாதுகாக்க என்ன இருக்கிறது? லட்சக்கணக்கில் வார்த்த சாதாரண மாடலாக இருந்து, அசல் பெயின்ட் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றால் புதுப்பிப்பதில் தவறே இல்லை.

செய்கிற முறைதான் முக்கியம். பெயின்ட் உரிக்கக் காஸ்டிக் சோடாவில் ஊற வைக்கிறார்கள், இரும்புக்குச் செய்வதைப் போல. இந்தக் கார்கள் துத்தநாகக் கலவை. காஸ்டிக் சோடா துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். அரை நாள் மறந்துவிட்டால் கதவு விளிம்பும் முன்பக்கக் கம்பி வேலைப்பாடும் மழுங்கி, கறுத்துப்போன கட்டிதான் கைக்கு வரும். வினிகரில் ஊறப் போட்டாலும் அதே கதி. உலோகத்துக்கென்றே விற்கும் பெயின்ட் நீக்கும் ஜெல்லைத் தடவி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். தூசி மூச்சில் போகும். அமெரிக்காவே 1978-இல்தான் வீட்டுப் பெயின்ட்டிலும் பொம்மைப் பெயின்ட்டிலும் ஈயத்தை 0.06 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தியது.

உலோகம் நன்றாகக் காய்ந்ததும் துத்தநாகத்தைப் பிடிக்கும் பிரைமர் ஒரு பூச்சு. ஒரு நாள் கழித்து எனாமல், மிக மெல்லிசாக, இரண்டு அல்லது மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. பிரைமர் இல்லாமல் நேராக அடித்தால் நகத்தால் சுரண்டினாலே தோலாக உரிந்து வரும். ஒரே பூச்சில் நிறத்தைக் கொண்டுவரப் பார்த்தால் கதவுக் கோடுகள் எல்லாம் பெயின்ட்டில் மூழ்கிவிடும். கடைசியாக, அடித்தட்டின் உட்பக்கம் "மறுபூச்சு" என்றும் தேதியும் எழுதிவையுங்கள். நாளைக்கு யாராவது அதை அசல் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

தகரக் காருக்கு மட்டும் இது எதுவும் பொருந்தாது. அதன் படம் தூரிகையில் தீட்டியதல்ல. தட்டையான தகரத் தகட்டில் அச்சிட்டு, பிறகு வெட்டி மடித்தது. அச்சு போன இடத்தில் பெயின்ட் வைத்தால் ஒட்டுப்போட்டது போலத்தான் தெரியும்.


பத்துமடங்கு எழுதியது:

பெயின்ட் அடிக்கும் முன்னால் என்ன வைத்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்றும் சின்னப் புற ஊதா டார்ச் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் பாதி வேலையை முடித்துவிடும்.

முதலில் அடிப்பக்க எழுத்து. அமெரிக்காவில் இறங்கும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் 1947-க்கும் 1952-க்கும் இடையில். 'யு.எஸ். ஜோன் ஜெர்மனி' என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்த சில வருடங்கள். 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949-லிருந்து 1990 வரை. அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963-க்குப் பின்னால்தான். பெட்டியில் பட்டைக்கோடு (பார்கோடு) இருந்தால் 1974-க்கு முன் வாய்ப்பில்லை. நட்சத்திரத் தலை திருகு இருந்தால் 1930-களின் நடுப்பகுதிக்கு முன் போக முடியாது. 1910-ஆம் ஆண்டுச் சாமான் என்று சொல்லி அதில் நட்சத்திரத் திருகு இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பொம்மையில் பொறித்த வருடம் செய்த வருடம் அல்ல. அது பெரும்பாலும் உரிமை பதிந்த வருடம். பார்பியின் இடுப்பில் 1966 என்று பார்த்துவிட்டு 1966-ஆம் ஆண்டுப் பொம்மை என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். அதே எண்ணோடு பல வருடங்களுக்குப் பின்னாலும் அச்சில் வார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சின்ன வார்ப்புக் கார்களில் சக்கரத்தைப் பாருங்கள். லெஸ்னி கம்பெனி 1953-இல் மேட்ச்பாக்ஸ் வரிசையைத் தொடங்கியபோது சக்கரமும் உலோகம். பிறகு சாம்பல் நிறப் பிளாஸ்டிக், அதன் பிறகு கறுப்புப் பிளாஸ்டிக். 1968-இல் ஹாட் வீல்ஸ் மெல்லிய அச்சோடு வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்ததும் 1969-இல் மேட்ச்பாக்ஸும் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரத்துக்கு மாறியது. ஹாட் வீல்ஸில் சக்கர ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் 1977 வரையிலான காலம். கண்ணாடி இருக்கிறதா என்றும் பாருங்கள். 1956-இல் கார்கி என்ற கார் வரிசை வந்தபோது 'ஜன்னல் கண்ணாடி உள்ள கார்' என்பதே அதன் பெருமை.

ஏற்கெனவே யாராவது பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்றால், அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையைப் பாருங்கள். அசலில் அது வழவழவென்று உப்பியிருக்கும். நடுவே துளைபோட்ட தடமோ திருகோ தெரிந்தால் பிரித்து மாட்டியது. பிறகு இருட்டில் புற ஊதா ஒளியைக் காட்டுங்கள். மறுபூச்சு விழுந்த இடம் வேறு நிறத்தில் தனியாகத் தெரியும். அட்டைப்பெட்டிக்கும் இதே சோதனைதான். வெள்ளையூக்கிச் சாயம் கலந்த காகிதம் ஏறக்குறைய 1950-க்குப் பின்தான் பரவியது. போருக்கு முந்தைய பெட்டி என்று சொல்லும் காகிதம் புற ஊதாவில் நீலவெள்ளையாகப் பளீரென்று எரிந்தால் அது புது அச்சு. பூதக்கண்ணாடியிலும் தெரியும்: அசலில் முழு நிறமாக இருக்க வேண்டிய சிவப்பு, நகலில் பொடிப் புள்ளிகளாகப் பிரிந்து கிடக்கும்.


பரண்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பார்த்தவரை: தகரக் காரில் 'வெஸ்ட் ஜெர்மனி'. ரோபோவில் 'ஜப்பான்' மட்டும். பேட்டரிக் கூட்டில் ஒரு முனையில் வெள்ளையாகப் பஞ்சு போலப் பொடி. ஒன்பது கார்களில் ஆறு மேட்ச்பாக்ஸ், சாம்பல் சக்கரம். ஒன்று கார்கி. மிச்சம் இரண்டும் டிங்கி என்ற பெயரில் வந்த கார்கள். அவற்றில்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கூரையில் சிலந்திவலை போலக் கோடுகள், ஒரு கார் வாழைப்பழம் மாதிரி லேசாக வளைந்திருக்கிறது. கீழே விழுந்து வளைந்ததா?


வார்ப்புவண்டி எழுதியது:

விழுந்து வளைந்ததல்ல. துத்தநாகக் கலவை விழுந்தால் வளையாது, உடையும். நீங்கள் சொல்வது துத்தநாக அரிப்பு.

இந்தக் கார்களை வார்த்தது துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்த கலவையில். அந்தத் துத்தநாகம் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். பட்டறையில் கொஞ்சம் ஈயமோ, வெள்ளீயமோ, காட்மியமோ கலந்துவிட்டால் போதும். வெளியில் ஒன்றும் தெரியாது, உள்ளே உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஊர்ந்துகொண்டிருக்கும். அரித்த இடம் உப்பும், உப்பினால் விரிசல், விரிசலில் ஈரம் நுழைந்தால் இன்னும் அரிப்பு. 1930-களின் வார்ப்புகளில் இது அதிகம். உங்கள் டிங்கி கார்களின் சக்கர மையத்தைப் பாருங்கள்: வழவழவென்று தட்டையாக இருந்தால் போருக்கு முந்தையது, மையத்தைச் சுற்றி வளைய மேடு இருந்தால் பிந்தையது. முந்தையதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விளையாடியவர்களுக்கு மூத்தவர்களிடமிருந்து இறங்கி வந்ததாக இருக்கலாம்.

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், இதற்கு மருந்து கிடையாது. வார்னிஷ், எண்ணெய், பசை எதுவும் நிறுத்தாது, அரிப்பு உள்ளே இருந்து வருவது. ஆனால் தொற்றாது; மற்ற ஏழு காருக்குப் பயம் வேண்டாம். வேகத்தைக் குறைக்கலாம்: ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே, சூடு ஏறி இறங்காத இடம். ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். சக்கரத்தில் எடை இறங்காதபடி நடுவயிற்றுக்கு அடியில் அமிலமில்லாத அட்டையை மடித்து முட்டுக்கொடுங்கள். கழற்றவோ, அழுத்தவோ, வளைவை நிமிர்த்தவோ வேண்டாம். பிஸ்கட் மாதிரி முறியும். இன்றைக்கே எல்லாப் பக்கமும் அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதே கோணத்தில் மறுபடி எடுத்தால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும்.

வண்ணக்குப்பி, இந்த இரண்டுக்கும் மறுபூச்சு என்ற பேச்சே வேண்டாம். பெயின்ட்தான் அந்தக் காரை இப்போது சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சாம்பல் சக்கர மேட்ச்பாக்ஸுக்கு வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்சோப்பு, மெல்லிய தூரிகை, அவ்வளவுதான். கழுவியதும் சக்கரத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். அச்சுக் கம்பி இரும்பு. தண்ணீர் தங்கினால் துருப்பிடித்து அந்தச் சாம்பல் பிளாஸ்டிக்கில் பழுப்புக் கறை ஏறும், அது போகவே போகாது. காட்சிக்கு வைக்கும்போது ரெக்ஸின், பிவிசி விரிப்பின் மேல் நிறுத்தாதீர்கள். விரிப்பை வளையும்படி வைத்திருக்கும் மென்மையூக்கி பெயின்ட்டுக்கும் சக்கரத்துக்கும் ஏறி, ஆறு மாதத்தில் கார் ஒட்டிக்கொள்ளும்.


வண்ணக்குப்பி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், விரிசல் விட்ட வார்ப்புக்கு என் முறை பொருந்தாது. ஆறு மேட்ச்பாக்ஸிலும் பாதிக்கு மேல் பெயின்ட் இருந்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள்.

ரோபோவுக்கு வருவோம். வெள்ளைப் பொடி என்றதும் எல்லோரும் வினிகர் எடுப்பார்கள். அது அல்கலைன் பேட்டரிக்குச் சரி. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம், அதனால் அமிலம் தடவினால் சமன் ஆகும். ஆனால் பழைய கார்பன்-துத்தநாக பேட்டரி கசிந்திருந்தால் அந்தக் கசிவு அமிலத்தன்மை கொண்டது; அதன் மேல் வினிகரை ஊற்றினால் அரிப்புக்கு நீங்களே துணைபோகிறீர்கள். லிட்மஸ் தாளை நனைத்துப் பொடியில் தொட்டுப் பாருங்கள். சிவப்புத் தாள் நீலமானால் காரம்: பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு, நுரை அடங்கும் வரை. நீலத் தாள் சிவந்தால் அமிலம்: சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். இரண்டிலும் பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த குச்சியால் மூன்று நான்கு முறை துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். கையுறை அவசியம். அச்சிட்ட பகுதியில் ஒரு துளியும் வழியக் கூடாது, முக்கியமாக ஆல்கஹால். தொடு தகட்டில் மட்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது புதுப் பேட்டரி போடாமல், மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய மின்வழங்கி இருந்தால் அதில் பாதி வோல்ட்டில் தொடங்குங்கள். 3 வோல்ட் ரோபோ என்றால் 1.5. மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் ஐந்து விநாடிக்குள் நிறுத்திவிடுங்கள். பல்சக்கரத்தில் கிரீஸ் கல்லாகியிருக்கும். தள்ளித் தள்ளிப் பார்த்தால் சுருள் கருகும்.


சாவிச்சத்தம் எழுதியது:

தகரக் கார். சாவிப் பொம்மைகள் உடைவது விளையாடும்போது அல்ல, ஐம்பது வருடம் சும்மா இருந்த பிறகு யாரோ ஆசையாக முழுச்சுற்று சுற்றும்போது. உள்ளே எண்ணெய் அரக்காக இறுகிக் கிடக்கும். ஸ்பிரிங் முழு விசையோடு தள்ளும், பல்சக்கரம் நகராது, பலவீனமான பல் ஒன்று முறியும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் நுனி கொக்கியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

அதனால் முதலில் சாவி தொடாமல் காரைத் தூக்கிப் பின்சக்கரத்தை விரலால் மெதுவாக உருட்டுங்கள். கொஞ்சமாவது அசைய வேண்டும். தையல் மிஷின் எண்ணெயில் ஊசி முனையைத் தொட்டு, அச்சுகள் தகட்டில் நுழையும் துளைகளில் மட்டும் ஒரு பொட்டு வையுங்கள். குப்பியைச் சாய்த்து ஊற்றினால் எண்ணெய் தகட்டுக்கிடையே ஏறி அச்சுப்படத்தின் அடியில் பரவும், பிறகு படம் செதிலாகக் கழலும். துரு நீக்கும் ஸ்பிரேயும் அதே காரணத்துக்காகக் கூடாது. ஒரு இரவு விட்டு, மறுநாள் இரண்டே சுற்று. ஓடி முடியட்டும். மறுபடி இரண்டு. சத்தத்தைக் கேளுங்கள்: ஒரே சீரான கிர்ரென்ற ஒலி என்றால் நல்லது. விக்கி விக்கி வந்தால் ஒரு பல்லில் அழுக்கோ முறிவோ இருக்கிறது. சாவி எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது அல்லது கொக்கி விட்டிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் முழு விசையில் முக்கால் பங்குக்கு மேல் எப்போதும் போகாதீர்கள். ஓட்டி முடித்ததும் ஸ்பிரிங் தளர்ந்த நிலையில்தான் அலமாரிக்குப் போக வேண்டும்.

பிரிக்க வேண்டி வந்தால்: இந்தக் காரில் திருகு இருக்காது. மேல்தகட்டின் சின்னத் தகர நாக்குகள் அடித்தகட்டின் துளைக்குள் நுழைந்து மடங்கியிருக்கும். ஒவ்வொரு நாக்கும் தன் ஆயுளில் சில மடிப்புகளைத்தான் தாங்கும். தொழிற்சாலை ஒன்றைச் செலவழித்துவிட்டது, முன்பு யாராவது பிரித்திருந்தால் இன்னும் இரண்டு போயிருக்கும். மெல்லிய கத்தி முனையை உள்ளே விட்டு, நாக்கு துளையிலிருந்து வெளியேற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் நிமிர்த்துங்கள், நேர்க்குத்தாகத் தேவையில்லை. முறிந்தால் ஈயம் வைத்துப் பற்றவைக்க நினைக்காதீர்கள். அந்தச் சூட்டில் மறுபக்கத்துப் படம் கருகிவிடும். உட்பக்கமாக ஒரு சின்ன ஒட்டுத் தகட்டை, பின்னால் எடுக்கக்கூடிய பசையில் வைத்தால் போதும். ஸ்பிரிங்கில் விசை இருக்கும்போது மட்டும் திறக்கவே கூடாது. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, அது திரும்பாமல் தடுக்கும் தடைநாக்கை விலக்கி, கைக்குள்ளேயே சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விடுங்கள். விரைந்து அவிழும் ஸ்பிரிங் விரலைக் கத்தி போல வெட்டும்.

துடைப்பது கடைசி. காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சி, முதலில் அடிப்பக்கம் மறைவான இடத்தில். குச்சியில் சிவப்போ மஞ்சளோ ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள், அது அழுக்கு அல்ல, படம். ஏறாவிட்டால் ஒரு சதுர அங்குலமாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள். நுண்படிக மெழுகு ஒரு மெல்லிய பூச்சு போட்டால் விரல் வியர்வையிலிருந்து தப்பும்.


பொம்மைத்தையல் எழுதியது:

பொம்மைகள் பக்கம் யாரும் வரவில்லையே என்று பார்த்தேன்.

பிசுபிசுக்கும் பொம்மை பிவிசி. கையில் ஒட்டுவது அழுக்கு இல்லைங்க, உள்ளே கலந்த மென்மையூக்கி வெளியே வியர்க்கிறது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தினால் சில மாதம் நன்றாக இருக்கும், திரும்ப வரும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: செல்லுலாய்டு காற்றாட இருக்க வேண்டும், பிவிசி அதற்கு நேர்மாறு. காற்றாட வைத்தால் மென்மையூக்கி போய்க்கொண்டே இருந்து கடைசியில் விறைத்துச் சுருங்கும். கண்ணாடிப் பேழையிலோ பாலியெஸ்டர் உறையிலோ மூடிக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் ஒரே முறையில் வைத்தால் ஒன்றுக்கு நல்லது செய்து மற்றொன்றைக் கெடுப்பீர்கள். அந்துருண்டை மட்டும் எந்தப் பிளாஸ்டிக்கோடும் போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

காதில் உலோகத் தோடு இருந்தால் இப்போதே கழற்றுங்கள். செம்பு பிவிசியில் பச்சையாக ஊறி, காதைச் சுற்றிப் பரவும். ஏற்கெனவே பச்சை இருந்தால் பருவுக்குப் போடும் 10 சதவீத பென்சாயில் பெராக்சைடு கிரீமைக் கறை மேல் மட்டும் வைத்து, காயாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, சில மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துத் துடைத்து, தேவைப்பட்டால் மறுநாளும் செய்யலாம். கண்ணிலோ உதட்டிலோ பட்டால் தீட்டிய நிறம் வெளுத்துவிடும். அதிகமாகப் போனால் மாதங்கள் கழித்து வெள்ளைத் திட்டு எழும். அதனால் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும்போதே நிறுத்துவது நல்லது.

கரடியை நனைக்கவே கூடாது. அழுத்திப் பாருங்கள்: கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே மரச்சுருள், சத்தமில்லாமல் லேசாக அமுங்கினால் இலவம்பஞ்சு. மரச்சுருள் நனைந்தால் உள்ளேயே பூசணம் பிடிக்கும், மூட்டிலிருக்கும் அட்டை வட்டு ஊறும், அதன் ஆணி துருவேறும். முதலில் பூச்சி. பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் விடுங்கள். உடனே திறந்தால் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த கரடி மேல் பனியாகப் படியும். பிறகு மென்மையான வலைத்துணியை மேலே விரித்து, அதன் வழியாகத் தூசி உறிஞ்சியைக் குறைந்த வேகத்தில் இழுங்கள். தையல் விட்ட இடத்தில் பழைய ஊசித்துளை வழியாகவே பருத்தி நூல் போகட்டும். நைலான் நூல் பழைய துணியைவிட வலுவானது, இழுபட்டால் நூல் அறாமல் துணி கிழியும். பிதுங்கிய பஞ்சைத் தூக்கி எறியாமல் அதையே உள்ளே வையுங்கள்.

உங்கள் கேள்வியின் வேருக்கு வருகிறேன். அந்த ஏக்கத்துக்கு நாஸ்டால்ஜியா என்ற பெயரை 1688-இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர்தான் வைத்தார், ஊரைப் பிரிந்தவர்களுக்கு வரும் நோய் என்று நினைத்து. இன்று அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. அந்த நினைவைத் தொட மிகக் குறுகிய வழி மூக்குதான். மணத்தை வாங்கும் நரம்புப் பாதை, உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் மூளைப் பகுதிகளுக்கு வெகு அருகில் போகிறது. ஆகையால் கரடிக்கு வாசனைத் தெளிப்பான் அடிக்காதீர்கள். மெழுகு, எண்ணெய், பழைய மரப்பெட்டி மணத்தைக் கழுவித் தீர்க்காதீர்கள். பெரியவர்களிடம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பாமல் ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடும், இல்லை என்றால் வாடிப்போவார்கள். "இதை எங்கே வைத்து ஓட்டுவீங்க?" என்று கேளுங்கள், கை தானாகவே காட்டும். சொன்னதை அன்றைக்கே பென்சிலால் அமிலமில்லாத அட்டையில் எழுதிப் பருத்தி நூலால் கட்டிவையுங்கள். ஒட்டும் சீட்டு வேண்டாம், பசை பெயின்ட்டைப் பெயர்க்கும். பேரக்குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டபின் கை கழுவட்டும். ஈயம் பற்றி மேலே எழுதியிருக்கிறார்கள்.


பரண்பெட்டி எழுதியது:

தோடு கழற்றியாயிற்று, காதில் கடுகளவு பச்சை. செல்லுலாய்டு தனி அலமாரிக்குப் போய்விட்டது. மறுபூச்சு எண்ணத்தை விட்டுவிட்டேன். படகு மட்டும் பாக்கி. அவர்கள் கண்ணெதிரே அது ஓட வேண்டும் என்று ஆசை. மெழுகுவத்தி ஏற்றினால் போதுமா?


சாவிச்சத்தம் எழுதியது:

ஏற்றுவதற்கு முன் தண்ணீர். அதுதான் இந்தப் படகின் உயிர். கூரைக்கு அடியில் ஒரு தட்டையான சின்னக் கொதிகலன், அதன் மேல்முகம் மெல்லிய தகடு, அங்கிருந்து இரண்டு குழாய் பின்பக்கம் வெளியே வரும். சூட்டில் நீராவி குழாய்த் தண்ணீரைப் பின்னால் தள்ளும். நீராவி குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறும். தள்ளும்போது தண்ணீர் ஒரே திசையில் பீய்ச்சி அடிக்கிறது, இழுக்கும்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, அதனால்தான் படகு முன்னே போகிறது. தகடு உள்ளேயும் வெளியேயும் அதிர்வதுதான் அந்த டபடப. தாமஸ் பியோ 1891-இல் இந்த வகைப் படகுக்குக் காப்புரிமை கேட்டபோதும், தண்ணீரைத் தள்ளி இழுக்கும் அடிப்படை இதேதான்.

வெறுங்கொதிகலனைச் சுட வைத்தால் மூட்டுகளில் வைத்த ஈயப்பற்று உருகி ஓடிவிடும். ஈய-வெள்ளீயப் பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். உள்ளே தண்ணீர் இருந்தால் சூடு நூறைத் தாண்டி அதிகம் போகாது.

முதலில் கசிவு பாருங்கள். ஒரு குழாயில் ரப்பர்க் குழல் மாட்டி, மற்றதை விரலால் அடைத்து, கொதிகலன் மூழ்கும்படி தண்ணீரில் அமிழ்த்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். வாய் வைத்து ஊத வேண்டாம், உள்ளே ஈயம். குமிழி வந்தால் அந்த இடத்தில் ஓட்டை. அப்படியானால் ஓட்டாமல் காட்சிக்கு மட்டும் வைப்பதே மரியாதை.

குமிழி இல்லையென்றால் மூக்குப் பக்கம் கீழே, பின்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, சிரிஞ்சால் ஒரு குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் விடுங்கள், மற்றக் குழாயில் வழியும் வரை. காற்று ஒரு குமிழி தங்கினாலும் படகு தொடங்காது. அதுதான் பத்தில் ஒன்பது தடவை நடக்கும் கோளாறு. இரண்டு குழாயையும் விரலால் மூடிக்கொண்டே நீரில் இறக்குங்கள். சின்ன மெழுகுத் துண்டு, சுடரின் நுனி கொதிகலனைத் தொடும் உயரம். அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் துடிப்பு வரும். நீர் சூடாகியும் துடிப்பு வராவிட்டால் கொதிகலனின் அடியில் படிந்த கரியைத் தூரிகையால் தட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். சத்தம் இல்லாமல் ஓடினால் தகடு விறைத்திருக்கிறது. அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கிழிந்துவிடும்.

மூன்று, நான்கு நிமிடம் போதும். அணைத்து, ஆற விட்டு, பின்பக்கம் கீழாகச் சாய்த்து நீரை வடித்து, சிரிஞ்சால் காற்றை அடித்து, ஒரு நாள் உலர்ந்த இடத்தில் வைத்த பிறகே பெட்டிக்குள் போகட்டும். அகலமான தாம்பாளமோ அடிபரந்த பாத்திரமோ எடுங்கள், வட்டம் போட இடம் வேண்டும். மெழுகை ஏற்றுவதை மட்டும் அவர்கள் கையில் விடுங்கள்.